கண் காணாப் புகையும் கடமையும்

அறத்தைப் பற்றிப் பேசப் புகுந்தோர் பலரும் இருவகை மனிதரையே பெரிதும் எண்ணிப் பேசினர். ஒருவன் தீங்கு செய்தவன். மற்றவன் அத்தீங்கினால் வருந்தியவன். முன்னவனுக்குத் தண்டனையும் பின்னவனுக்கு ஈடும் வகுத்துவிட்டால் நீதி நிறைவுற்றது எனக் கொண்டனர். ஆயின் இக்காலத்துப் பொறி வாழ்க்கை மூன்றாம் மனிதன் ஒருவனை நம்முன் கொணர்ந்து நிறுத்தியுள்ளது. அவன் தீங்கு செய்ய எண்ணியவன் அல்லன், தானே ஏமாற்றப்பட்டவன். எனினும் அவன் விலை கொடுத்து வாங்கிய பொருளின் வழியாகவே தீங்கு நாள்தோறும் பிறரைச் சென்று சேர்கிறது. இம்மூன்றாம் மனிதனுக்குக் கடமை உண்டா? உண்டெனில் அது எவ்வளவு? இக்கட்டுரை ஆராய முற்படும் வினா இதுவே.

இத்தகைய வினாவை வெறும் கருத்தளவில் வைத்து ஆராய்ந்தால் பேச்சு நீளுமேயன்றித் தெளிவு பிறவாது. ஆகவே, 2015 ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்ட ஃபோக்ஸ்வாகன் டீசல் கார் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருந்த கார்களைப் பணிமனைக்குத் திரும்ப அழைத்து, அவற்றின் எஞ்சினை ஆளும் மென்பொருளை மாற்றித் தந்த நிகழ்ச்சி அது. அவ்வாறு அழைக்கப்பட்டவற்றுள் நம் நாட்டுக் கார்கள் மட்டும் 3,23,700. அவற்றுள் சில இன்றும் டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் நம்மவர் வீட்டு வாசல்களில் நின்றுகொண்டிருக்கக் கூடும்.

சோதனை அறையும் திறந்த வீதியும்

டீசல் எஞ்சின் காற்றை மிகுதியாக அழுத்தி, அதனால் எழும் வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றச் செய்வது. அவ்வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் என்னும் வாயுக்களாகின்றன. கரும்புகையைப் போல இவை கண்ணுக்குத் தோன்றுவதில்லை. ஆயினும் மூச்சுக்குழலை எரிச்சலுறச் செய்யும். ஆஸ்துமா உடையோரை வாட்டும். வெயிலில் பிற வாயுக்களோடு கலந்து ஓசோனாகவும் நுண்துகளாகவும் மாறி, பிறந்த இடத்திலிருந்து நெடுந்தொலைவு செல்லும்.

இவ்வாயுக்களைக் குறைக்க வழிகள் இல்லாமல் இல்லை. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தினால் எரிதலின் வெப்பம் தணியும், வாயுவும் குறையும். ஆனால் இதற்கொரு விலை உண்டு. கரி மிகுதியாகப் படியும். வால்வுகளும் வடிகட்டியும் விரைவில் அடைபடும். சில வேளைகளில் மைலேஜும் குறையும். சுருங்கச் சொன்னால், வெளியிலிருப்பவன் மூச்சுக்கும் உள்ளே அமர்ந்திருப்பவன் வசதிக்கும் இடையே ஒரு தராசு இருக்கிறது. அத்தராசின் முள்ளை எங்கே நிறுத்துவது என்பதை எஞ்சினின் மென்பொருளே தீர்மானிக்கிறது.

அந்த முள்ளிலேதான் வஞ்சனை புகுந்தது. அரசின் சோதனை, காரை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் முறையில் நடந்து வந்தது. அப்பொழுது சக்கரங்கள் சுழலும். ஸ்டியரிங் மட்டும் அசையாது. ஸ்டியரிங்கின் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கணித்து, 'இப்பொழுது நடப்பது சோதனை' என்று உணர்ந்துகொள்ளும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. சோதனை என்று தெரிந்தால் புகைக் கட்டுப்பாடு முழுமையாக இயங்கும். வீதிக்கு வந்தால் தளர்ந்துவிடும். அமெரிக்க விதிகள் அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை அக்கார்கள் சாலையில் வெளியிட்டன.

இவ்வேறுபாட்டை முதலில் அளந்து காட்டியவர்கள் மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறு ஆய்வுக் குழுவினர். அளவுக் கருவிகளைக் காரின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் சாலைகளில் ஓட்டிப் பார்த்தனர். ஒரு காரை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை கொண்டு சென்று திரும்பினர். அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம், பெங்களூரில் வளர்ந்த ஹேமந்த் கப்பண்ணா ஆகிய நம் நாட்டவரும் இருந்தனர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. எவரையும் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் புறப்படவில்லை. அறையில் கண்ட அளவும் சாலையில் கண்ட அளவும் ஏன் ஒவ்வவில்லை என்பதையே கேட்டனர். 2014 இல் அவர்களது அறிக்கை வெளிவந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்நிறுவனத்தின் மீது விதிமீறல் அறிவிப்பு விடுத்தது. அடுத்த சில நாட்களில், உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அவ்வகை மென்பொருள் இருப்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

கன்னட நாட்டில் கனகதாசரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. யாரும் காணாத இடத்தில் உண்க எனக் குரு கொடுத்த வாழைப்பழத்தை மற்றச் சீடர் எல்லாம் எங்கெங்கோ மறைந்திருந்து உண்டு வந்தனர். கனகர் மட்டும், இறைவன் காணாத இடம் எதுவும் அகப்படவில்லை என்று பழத்தோடு திரும்பி வந்தார். அக்கதைக்கு நேர் எதிரான கல்வியை இப்பொறி கற்றிருந்தது எனலாம். காண்போர் உளரா என்று பார்த்து ஒழுகுவதையே அதற்குக் கற்பித்திருந்தனர். பொறிக்கு நெஞ்சம் இல்லை. ஆதலின் அதனைப் பழிப்பதில் பொருளில்லை. அதற்கு அவ்வொழுக்கத்தை எழுதிக் கொடுத்தவர் நெஞ்சமே விசாரணைக்குரியது.

அழைப்புக் கடிதம்

ஜெர்மனியில் 2015 அக்டோபரில் வாகனப் போக்குவரத்து அமைப்பு 24 இலட்சம் கார்களைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்குமாறு ஆணையிட்டது. 2 லிட்டர் எஞ்சின்களுக்கு மென்பொருள் மாற்றம் மட்டும் போதுமானது என்றனர், 1.6 லிட்டர் எஞ்சின்களுக்கு, உட்செல்லும் காற்றை நேராக்க ஒரு சிறு வலைக்குழாயையும் பொருத்தினர். வேலை ஒரு மணி நேரத்திற்குள் முடியும், கட்டணமும் இல்லை. அமெரிக்காவில் 2016 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, உரிமையாளர் காரை நிறுவனத்துக்கே திரும்ப விற்றுவிடலாம், அல்லது பழுது நீக்கிக்கொள்ளலாம். இரண்டினும் பணமும் பெறலாம். ஐரோப்பியருக்கு அவ்வுரிமை தொடக்கத்தில் கிட்டவில்லை.

இந்தியாவில் 2015 டிசம்பரில் அழைப்பு அறிவிக்கப்பட்டது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி என்னும் மூன்று பெயர்களில் விற்ற கார்களுக்கு அது பொருந்தும். இந்தியாவின் அந்நாளைய விதிகளைத் தாங்கள் மீறவில்லை என்பதும், இவ்வழைப்பு தாமாகவே முன்வந்து செய்வது என்பதும் நிறுவனத்தின் நிலைப்பாடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனை ஏற்கவில்லை. 2016 ஆம் ஆண்டில் டில்லியில் மட்டும் இக்கார்கள் ஏறத்தாழ 48 டன் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டன என அது அமைத்த வல்லுநர் குழு மதிப்பிட்டது. 2019 மார்ச்சில் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் செலுத்த ஆணையிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அவ்வாணையின்மேல் கட்டாய நடவடிக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

வழக்கு மன்றங்கள் தம் பணியைச் செய்யட்டும். நாம் நோக்க வேண்டியது கடிதம் வந்து சேர்ந்த வீட்டை. பிரேக்கில் குறை என்றோ ஏர்பேக்கில் குறை என்றோ கடிதம் வந்தால், அதைப் படித்த அன்றே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவோம். ஏனெனில் ஆபத்து நமக்கும் நம் மனைவி மக்களுக்கும். இந்தக் கடிதத்தின் தன்மை வேறு. இதற்குச் செவிசாய்ப்பதால் காரின் சொந்தக்காரனுக்கு ஒரு நன்மையும் இல்லை. சிறிது இழப்பும் நேரலாம். நன்மை முழுவதும், சிக்னலில் பின்னால் நிற்கும் ஸ்கூட்டர்க்காரனுக்கும், நடைபாதையில் பூக்கூடையோடு அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும், பள்ளி முடிந்து வரும் பெயர் தெரியாக் குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. முகமறியாதவர்க்குச் செய்யும் கடமை என்பதே இதன் அருமையும் கடினமும் ஆகும்.

நான்கு மறுப்புகள்

அக்கடமையை மறுப்போர் கூறுவன நான்கு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

'பிழை என்னுடையதன்று' என்பது முதலாவது. இது முற்றிலும் உண்மை. ஆயின் பிழையின்மை கடமையின்மை ஆகுமா? திருவாரூரில் மனுநீதிச் சோழன் மகன் ஊர்ந்த தேரின் கீழ்ப் பசுங்கன்று பட்டு இறந்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். இளவரசன் கன்றைக் கொல்ல எண்ணினான் அல்லன். அது வந்ததைக் கண்டானும் அல்லன். அமைச்சர் அதைச் சுட்டிக்காட்டி, நூல்கள் விதித்த கழுவாய்ச் சடங்கைச் செய்தால் போதும் என்றனர். அச்சடங்கால் தாய்ப்பசுவின் துயர் குறையுமா என்று கேட்டு மன்னன் அதை மறுத்தான் எனப் பெரிய புராணம் கூறுகிறது. அவன் வழங்கிய தண்டனையின் கடுமையை இன்று நாம் ஏற்க வேண்டுவதில்லை. அவன் எழுப்பிய வினா மட்டும் இன்றும் பழுதுபடாதது. எண்ணம் தூயதா என்பதோடு, துன்புற்ற உயிரின் துயர் குறைந்ததா என்பதையும் அவன் அளவாகக் கொண்டான்.

மேலும், அறியாமல் ஓட்டிய நாட்களுக்கும் அறிந்த பின் ஓட்டும் நாட்களுக்கும் வேறுபாடு உண்டு. கடிதம் வரும்வரை உரிமையாளர் ஏமாற்றப்பட்டவர். அவர்மேல் ஒரு சிறு பழியும் சாராது. கடிதத்தைப் படித்து, மடித்து, மேசை இழுப்பறையில் வைத்த பின் வெளியேறும் புகைக்கு அவரும் ஓரளவு உடன்பட்டவர் ஆகிறார். திருட்டுப் பொருள் என்றறியாது வாங்கியவன் குற்றவாளி அல்லன். அறிந்த பின்னும் அதனை வைத்துக்கொண்டிருப்பவனை உலகம் அவ்வாறு விடுவதில்லை.

'என் ஒரு காரால் என்ன ஆகிவிடும்?' என்பது இரண்டாவது. கணக்கிட்டே பார்ப்போம். அமெரிக்காவில் விற்கப்பட்ட 4,82,000 கார்கள் 2008 முதல் 2015 வரை வெளியிட்ட மிகைப்புகையால் ஏறத்தாழ 59 பேர் தம் காலத்திற்கு முன்னரே இறந்திருப்பர் என மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹார்வர்டும் சார்ந்த ஆய்வாளர் 2015 இல் மதிப்பிட்டனர். 2016 முடிவதற்குள் எல்லாக் கார்களும் திரும்ப அழைக்கப்பட்டால் மேலும் ஏறத்தாழ 130 மரணங்கள் தவிர்க்கப்படும் என்றும் கூறினர். வகுத்துப் பார்த்தால் 8,000 கார்களுக்கு ஓர் உயிர். என் பங்கு எட்டாயிரத்தில் ஒன்றுதான் என்று ஒருவர் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 8,000 பேரும் அதே ஆறுதலைக் கொள்ளும்போது ஓர் உயிர் போய்விடுகிறது. அவ்வுயிருக்கு விடை சொல்ல ஒருவரும் இல்லாமற்போகிறார். கன்றை இழந்த பசுவுக்கு அடிக்க ஒரு மணியேனும் இருந்தது. இங்கே இறந்தவரின் சுற்றத்தார் எந்த மணியை அடிப்பர்? எவர் காரின் புகை என்று சொல்லி அடிப்பர்? முறையிட வழியற்றவர் பொருட்டு நாமே முந்திக்கொள்வதுதான் அறம்.

'வண்டி கெட்டுவிடும், மேலும் ஏமாற்றியவன் கையிலேயே மருந்தும் வாங்க வேண்டுமா?' என்பது மூன்றாவது. நான்கு மறுப்புகளிலும் வலியது இதுவே, எளிதில் தள்ளத்தக்கதன்று. மாற்றத்திற்குப் பிறகு இழுவை குறைந்தது, எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது, புகை மறுசுழற்சி வால்வு பழுதடைகிறது என ஐரோப்பிய உரிமையாளர் பலர் முறையிட்டனர். நிறுவனம் அவற்றை மறுத்தது. 2022 ஜூலை 14 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வேறொரு செய்தியை வெளிப்படுத்தியது. திருத்தமாக ஏற்றப்பட்ட புதிய மென்பொருளே, வெளிக்காற்றின் வெப்பம் 15 பாகைக்கும் 33 பாகைக்கும் இடைப்பட்டால் மட்டுமே புகைக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது. 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும் அதனைத் தளர்த்தியது. குளிர் மிகுந்த ஐரோப்பாவில் ஆண்டின் பெரும்பகுதி அவ்வெல்லைக்கு வெளியே கழியுமாதலின், இதுவும் தடை செய்யப்பட்ட ஏற்பாடே என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோய்க்குக் கொடுத்த மருந்தில் நோயின் கூறு கலந்திருந்தது எனலாம். பசுவின் துயர் தீர்க்காத சடங்கை அமைச்சர் பரிந்துரைத்த நிகழ்ச்சி இங்கே மீண்டும் நினைவுக்கு வருகிறது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? உரிமையாளரின் கடமை கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவதோடு நிறைவுறாது; திருத்தம் மெய்யாகவே திருத்தமா என்று கேட்பதும் அக்கடமையின் பகுதியே. என்ன மாற்றப்படுகிறது, சாலையில் அளந்து பார்த்தார்களா, பின்னர் உறுப்பு பழுதுபட்டால் செலவு யாருடையது என்று எழுத்தில் விடை பெறும் உரிமை அவருக்கு உண்டு. அவருடைய இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு முழுவதும் வஞ்சித்தவனைச் சார்ந்தது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2020 மே 25 அன்று, நிறுவனத்தின் செயல் வேண்டுமென்றே நல்லொழுக்கத்துக்கு மாறாகப் பிறர்க்கு இழப்பு விளைத்தது எனக் கூறி, ஓடிய தூரத்திற்குரிய தொகையைக் கழித்துக்கொண்டு காரின் விலையைத் திருப்பித் தருமாறு தீர்ப்பளித்தது. சட்டமன்றங்கள் பெரிதும் தயங்கிச் சொல்லும் 'ஒழுக்கம்' என்னும் சொல் ஒரு காரின் விலைக் கணக்கில் வந்து அமர்ந்தது கருதத்தக்கது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நிறுவனத்தோடு நமக்குள்ள வழக்கு வேறு. வழியில் நடப்பவனுக்கு நாம் பட்டுள்ள கடன் வேறு. முன்னது தீரும்வரை பின்னதை நிறுத்திவைப்போம் என்பது, இரு பங்காளிகளின் சண்டையில் மூன்றாம் வீட்டுக் குழந்தையைப் பட்டினி போடுவது போலாகும். திருத்தத்தால் புகை ஓரளவேனும் குறையும் என்று தெளிவு ஏற்பட்டால், மைலேஜில் சிறிது குறைவதைப் பொறுத்துக்கொண்டேனும் அதனைச் செய்துகொள்ளுதல் தகும். ஈட்டுக்கான வழக்கைத் தனியே நடத்தலாம்.

'சட்டம் கட்டாயப்படுத்தவில்லையே, பி.யு.சி. சான்றிதழும் என்னிடம் இருக்கிறதே' என்பது நான்காவது. நம் நாட்டில் டீசல் வண்டிக்குச் சாலையோரத்தில் நடத்தும் அச்சோதனை புகையின் கருமையை அளப்பது. நைட்ரஜன் ஆக்சைடுகள் கருமையற்றவை. அச்சோதனையில் அவை அகப்படா. புதிய கார்களைச் சாலையிலேயே ஓட்டி அளக்கும் முறை ஐரோப்பாவில் 2017 இலும் நம் நாட்டில் 2023 ஏப்ரலிலும்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய கார் ஒன்றின் சான்றிதழ் பொய்யாக இராவிட்டாலும், நாம் கேட்க வேண்டிய வினாவுக்கு அது விடையாகாது. வாய்மைக்கு வள்ளுவர் வகுத்த இலக்கணம், பிறவுயிர்க்குத் தீங்கு விளையாமையை அளவுகோலாகக் கொண்டது. அவ்வளவுகோலால் அளந்தால், தாளில் உண்மையாக இருந்தும் காற்றில் பொய்யாகும் சான்றிதழை வாய்மை எனல் இயலாது. எல்லாவற்றினும் மேலாக, சோதனையில் தேறினால் போதும் என்று எண்ணுவது எவ்வெண்ணம்? அந்த மென்பொருளை எழுதியவர்களின் எண்ணம் அதுவேயன்றோ? அவர்களைப் பழித்துக்கொண்டே அவர்கள் கொள்கையை நாம் கடைப்பிடித்தல் பொருந்துமா?

கைமாறும் வண்டி

பழைய கார்களைப் பொறுத்தவரை இன்னும் ஒரு கடமை எஞ்சி நிற்கிறது. அழைப்புக் கடிதம் நிறுவனத்தின் பதிவேட்டிலுள்ள முகவரிக்கே செல்லும். மாற்றல் ஆணை பெற்று ஊர்விட்டு ஊர் செல்லும் நம்மைப் போன்ற குடும்பங்களின் முகவரி நிலையாக நிற்பதில்லை. வண்டி இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் போன பிறகு, செய்தி முதற்கையோடு நின்றுவிடுகிறது. டில்லியில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகள் ஓடலாகாது எனப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 இல் அதனை வலியுறுத்தியது. 2025 இல் ஓரளவு தளர்த்தியது. இவ்வாணைகளுக்கு அஞ்சியோர் பலர் தம் வண்டிகளை வேறு மாநிலங்களுக்கு விற்றனர். விற்பதில் தவறில்லை. ஆனால் நம் நகரத்துக் காற்றுக்கு ஆகாதது வேறோர் ஊர்க் குழந்தையின் காற்றுக்கு ஆகிவிடும் என்று எண்ணுதல் எங்ஙனம் முறையாகும்?

ஆகவே பழைய டீசல் காரை விற்பவர், சாவியோடும் ஆர்.சி. புத்தகத்தோடும் ஒரு செய்தியையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும்: இவ்வண்டிக்கு இன்ன அழைப்பு வந்தது, திருத்தம் செய்யப்பட்டது, அல்லது செய்யப்படவில்லை. வாங்குபவரும், டயரையும் பேட்டரியையும் தட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெளிதல் வேண்டும். இவை பத்து நிமிட வேலைகள். இவற்றைச் செய்தவரை ஒருவரும் பாராட்டப் போவதில்லை. செய்யாதவரைக் கண்டுபிடிக்கப் போவதும் இல்லை.

பிறந்த மண்ணை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நாம், நம்மை வரவேற்ற நகரத்தின் நீரையும் காற்றையும் அந்நகரத்தாரோடு பகிர்ந்து வாழ்கிறோம். அவர்தம் மொழி நமக்குப் புரியாத காலத்திலும் அவர்தம் காற்று நமக்கு மூச்சாயிற்று. அக்கடனைத் தீர்க்கப் பெருஞ்செயல்கள் வேண்டுவதில்லை. நம் பெயரில் பதிவான வண்டி, சோதனை அறையில் எவ்வாறு ஒழுகுமோ அவ்வாறே திறந்த வீதியிலும் ஒழுகுமாறு பார்த்துக்கொள்வோம். இழுப்பறையில் கிடக்கும் கடிதம் ஏதேனும் இருப்பின் அதனை எடுத்துப் படிப்போம்.